பந்தி நிறைஞ்ச டீம்ல புது டிராஃப்ட் பையனை வளர்க்கிறது எப்படி: முழு வழிகாட்டி

என்பிஏ (வட அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) டிராஃப்ட் நைட்ல, அதாவது டீம்கள் வரிசையா புதுப் பசங்களைப் பொறுக்கி எடுக்கிற ராத்திரியில, எல்லாருக்கும் சந்தோஷம்தான். பையன் தொப்பி போட்டுக்கிட்டு லீக் கமிஷனர் கையக் குலுக்கிட்டு வருவான், அவங்க அம்மா கண்ணத் துடைச்சுக்குவாங்க, ஃபேன்ஸ் எல்லாம் இவன்தான் அடுத்த இவரு அடுத்த அவருன்னு எழுதித் தள்ளுவாங்க. தலைவலி அக்டோபர்லதான் வரும். ஏன்னா டீம் ஏற்கெனவே நல்ல டீம், பையனோட பொசிஷன்ல அவனுக்கு முன்னாடி மூணு பேர் இலை போட்டு உக்காந்திருக்காங்க, முதல் பந்தியே முடியற மாதிரி தெரியல. இவன் வாசல்ல நிக்கிறான்.

என்பிஏ பாக்கிறவங்க, 2கே வீடியோ கேம்ல ஜிஎம் (டீமுக்கு ஆள் எடுக்கிற மேனேஜர்) மோடு ஆடுறவங்க, ஊர்ல நிஜமாவே ஒரு டீமுக்கு கோச்சா இருக்கிறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். எடுத்துக்கிற கேஸ் டொரொன்டோ ராப்டர்ஸ், 2016-லேர்ந்து 2019 வரைக்கும். முந்தின சீசன்ல 56 ஆட்டம் ஜெயிச்சு கிழக்குப் பிரிவு ஃபைனல் வரைக்கும் போன டீம் அது, அங்க 27ஆவது பிக்கா (டிராஃப்ட்ல 27ஆவதா எடுத்த ஆளா) வந்தவர் பாஸ்கல் சியாகம். கேமரூன் ஆளு, சின்ன வயசுல பாதிரியார் ஆகணும்னு செமினரியில படிச்சவர், பாஸ்கெட்பாலை ஒழுங்கா தொட்டதே பதினேழு பதினெட்டு வயசுக்கு மேலதான். மூணாவது சீசன்ல அவர் சாம்பியன் டீமோட ரெண்டாவது பெரிய ஸ்கோரர். இது நடுவுல எப்படி நடந்துச்சுங்கிறதுதான் விஷயம். பல பேர் "சான்ஸ் குடுத்தாங்க, வளர்ந்தாரு"ன்னு ஒரே வரியில சொல்லிடுவாங்க. சும்மா சான்ஸ் மட்டும் குடுத்து கெட்டுப்போன பசங்க லிஸ்ட் ரொம்ப நீளம், அதுவும் கீழ வரும்.

1. முதல்ல 240-ஐ பங்கு போடுங்க

ஒரு ஆட்டம் 48 நிமிஷம், ஒரு நேரத்துல அஞ்சு பேர், ஆக மொத்தம் 240 நிமிஷம். ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. ஸ்டார் மூணு பேருக்கு ஆளுக்கு 34 வச்சா 102 போச்சு. அதுக்கடுத்த நாலு பேருக்கு 24 வச்சா 96. மிச்சம் 42, அதுக்கு மூணு நாலு பேர் கை நீட்டுறாங்க. உங்க புதுப்பையனுக்கு நியாயமா கிடைக்கக்கூடியது 10-லேர்ந்து 12 நிமிஷம், அதுவும் யாருக்கும் அடிபட்டா, இல்ல ஆட்டம் ஒரு பக்கமா சாய்ஞ்சுட்டா. இந்தக் கணக்கப் போடாம "இந்த வருஷம் அவனுக்கு 20 நிமிஷம் குடுப்போம்"னு பேட்டி குடுக்கிற ஜிஎம்-மை நம்பாதீங்க, அந்த 20 யாரோட தட்டுலேர்ந்து வரும்னு அவருக்கே தெரியாது.

சியாகம் கதையில ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லிடணும். அவரு முதல் வருஷமே 38 ஆட்டம் ஸ்டார்ட் பண்ணினாரு, அதாவது முதல்ல இறங்குற அஞ்சு பேர்ல ஒருத்தர். பாத்தா ஆஹான்னு இருக்கும். ஆனா அந்த எடத்துக்குன்னே கூட்டிட்டு வந்த ஜாரெட் சல்லிங்கருக்கு கால்ல ஆபரேஷன் ஆயிடுச்சு, அதனால கிடைச்ச எடம் அது. சராசரி பதினஞ்சரை நிமிஷம்தான், ஸ்டார்ட் பண்ணுவாரு, கொஞ்ச நேரத்துல பேட்ரிக் பேட்டர்சன் உள்ள வந்துடுவாரு. 2017 பிப்ரவரியில ஒர்லாண்டோலேர்ந்து சர்ஜ் இபாகாவை டிரேடு பண்ணிக் கூட்டிட்டு வந்தாங்க, பையன் நேரா பெஞ்சு முனைக்குப் போயிட்டாரு. அதிர்ஷ்டத்துல வந்த நிமிஷம் அதிர்ஷ்டத்தோடயே போயிடும், அதை பிளான்ல சேக்காதீங்க.

2. காலண்டரை சுவத்துல மாட்டுங்க

முதல் ரவுண்டு பிக்னா சம்பளம் ஏற்கெனவே வகுத்து வச்ச அளவுதான். முதல் ரெண்டு வருஷம் கேரண்டி, மூணாவதும் நாலாவதும் டீம் ஆப்ஷன், வச்சுக்கிறதா விடறதான்னு டீம்தான் முடிவு பண்ணும். இதுல எல்லாரும் மறக்கிற ஒண்ணு, மூணாவது வருஷத்துக்கான முடிவை ரெண்டாவது சீசன் தொடக்கத்துலயே, அக்டோபர் 31-க்குள்ள சொல்லணும். அதாவது ஒரே ஒரு சீசன் பாத்துட்டு முடிவெடுக்கணும். நாலாவதுக்கு அடுத்த அக்டோபர். மூணு சீசன் முடிஞ்சதும் எக்ஸ்டென்ஷன் (ஒப்பந்தத்தை நீட்டிக்கிற) பேச்சு வந்துடும். பேப்பர்ல நாலு வருஷம், கையில இருக்கிறது மூணுதான்.

ரெண்டாவது ரவுண்டுனா இந்த வசதியெல்லாம் கிடையாது, பேசித்தான் தீக்கணும். இப்ப ஒரு டீம்ல 15 சாதா கான்ட்ராக்ட், அதுக்கு மேல 3 டூ-வே (என்பிஏலயும் அதோட கீழ் லீக்லயும் மாறி மாறி ஆடற) எடம். டூ-வே பையன் என்பிஏ டீமோட 50 ஆட்டம் வரைக்கும்தான் ஆட முடியும், ப்ளேஆஃப்ல ஆடணும்னா சாதா கான்ட்ராக்டா மாத்தணும். பந்தி நிறைஞ்ச டீமுக்கு இந்த டூ-வே ஒரு வரம், சம்பள உச்சவரம்பு கணக்குலயும் வராது. ஆனா பையன் தரப்புலேர்ந்து பாத்தா வேலைக்கு வந்தும் ஐடி கார்டு கிடைக்காத மாதிரி ஒரு நிலைமை, அதையும் மனசுல வச்சுக்குங்க.

3. ஒரு வேலை குடுங்க, ஒண்ணே ஒண்ணு

என்னைக் கேட்டா மொத்த வழிகாட்டியும் இதுதான், மத்ததெல்லாம் இதுக்குத் துணை. பையனுக்கு பத்து நிமிஷம்தான் இருக்குன்னா அந்தப் பத்து நிமிஷத்துல அவன் என்ன செய்யணும்னு அவனுக்கும் தெரியணும், கோச்சுக்கும் தெரியணும், அவனைச் சுத்தி ஆடுற நாலு பேருக்கும் தெரியணும். சியாகமுக்கு சொன்னது ஓடு, ரீபவுண்டு (கூடையில விழாம திரும்பி வர்ற பந்து) எடு, எதிராளியை விடாத. அவ்ளோதான். முதல் சீசன் பூரா அவரு எறிஞ்ச த்ரீ பாயிண்ட் ஏழே ஏழு, விழுந்தது ஒண்ணு. யாரும் திட்டல, ஏன்னா அது அவரோட வேலையே இல்ல அப்போ. கோச் கண்ணுல இவன் நம்பகமானவன்னு ஒரு பேரு வாங்கணும், அந்தப் பேருதான் அடுத்த அஞ்சு நிமிஷத்தை வாங்கிக் குடுக்கும்.

இப்ப மறுபக்கம் பாருங்க. 2020-ல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரெண்டாவது பிக்குல ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தாங்க. காலேஜ்ல மூணே மூணு ஆட்டம் ஆடின பையன். ஸ்டெஃப் கரியும் டிரேமண்ட் கிரீனும் பல வருஷமா கண்ணாலயே பேசிக்கிட்டு ஆடுற ஒரு ஆட்டம் இருக்கே, அதுல சென்டர் ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் ஒரு முடிவு எடுக்கணும், எங்க ஸ்க்ரீன் வைக்கணும் (எதிராளியை மறிச்சு நிக்கிறது), எப்ப உருண்டு உள்ள போகணும், எப்ப பந்தை வாங்கி உடனே திருப்பிக் குடுக்கணும்னு. அதுல போய் 19 வயசுப் பையனை நிறுத்தி வச்சாங்க. அதோட முட்டியில அடி, அடுத்த சீசன் பூரா போச்சு, 2023 பிப்ரவரியில டெட்ராய்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. பையன் மேல முழுத் தப்பும் போடறவங்க இருக்காங்க, எனக்கு அது சரியாப் படல. உயரமும் தாவலும் உள்ள ஒருத்தனுக்கு "ஸ்க்ரீன் வை, உள்ள ஓடு, மேல தூக்கிப் போட்டா அடி"ன்னு மட்டும் சொல்ற டீமுக்குப் போயிருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்கலாம். என் ஊகம்தான், ஆனா அந்த முட்டி அடியைத் தவிர மத்ததெல்லாம் டீம் கையில இருந்த விஷயம்.

4. கீழ அனுப்புங்க, ஆனா எதுக்குன்னு எழுதிக் குடுத்து அனுப்புங்க

ஜி லீக், என்பிஏவுக்குக் கீழ பசங்க பழகுற லீக். 2001-ல தொடங்கினது, அப்புறம் டி லீக்னு கூப்பிட்டாங்க, 2017-லேர்ந்து ஜி லீக். அங்க போறதை தண்டனைன்னு நினைக்கிற பசங்க இன்னும் இருக்காங்க, பையனை விட அவனோட ஏஜென்ட்டுதான் அதிகமா மூஞ்சத் தூக்குவாரு.

ராப்டர்ஸ் இதை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 2014-ல பிரேசில்லேர்ந்து ப்ரூனோ கபோக்லோவை 20ஆவது பிக்குல எடுத்தாங்க, 18 வயசு, கை ரெண்டும் பனமரம் மாதிரி நீளம். டிவியில ஃபிரான் ஃப்ராஷில்லா அன்னிக்கு சொன்னது இன்னும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இவன் ரெடியாக ரெண்டு வருஷம்னு சொல்றதுக்கே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு. அப்ப ராப்டர்ஸுக்குன்னு சொந்தமா கீழ் டீம் கிடையாது, பல டீமோட சேர்ந்து இண்டியானால இருந்த ஃபோர்ட் வேன் டீமைத்தான் பங்கு போட்டுக்கிட்டாங்க. பத்து வீட்டுப் பசங்க சாப்பிடற மெஸ்ஸுல உங்க பையனுக்கு மட்டும் யாரு பாத்துப் பரிமாறுவா? அடுத்த வருஷமே, 2015-ல, ராப்டர்ஸ் 905-ன்னு சொந்த டீம் தொடங்கிட்டாங்க, அதுவும் பக்கத்துலயே மிசிசாகால. காலையில மேல ப்ராக்டிஸ், சாயங்காலம் கீழ ஆட்டம்னு ஓட்டலாம், ஃப்ளைட்டு வேண்டாம், காரே போதும். கபோக்லோவுக்குத்தான் அது கொஞ்சம் லேட்டு, 2018-ல சாக்ரமென்டோவுக்குப் போயிட்டாரு.

சியாகமுக்கு சரியான நேரத்துல கிடைச்சுது. இபாகா வந்ததும் பெஞ்சுல உக்காந்து துண்டு ஆட்டிக்கிட்டு இருக்காம கீழ போனாரு. அங்க கோச் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், அவரே என்பிஏல பெரிய ஸ்கோரரா இருந்தவர். மேல குடுக்காத பந்தை கீழ குடுத்தாங்க, அவரைச் சுத்தியே ஆட்டத்தைப் போட்டாங்க. 2017 ஏப்ரல்ல 905 டீம் ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸை 2-1-னு ஜெயிச்சு கப் அடிச்சுது, ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) சியாகம். அதே டீம்ல டிராஃப்ட்லயே யாரும் எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட்டும் வந்து வந்து ஆடிட்டுப் போனாரு.

அப்ப கீழ அனுப்பும்போது ரெண்டு லிஸ்ட் வேணும். மேல செய்யிற அதே வேலை, அதே டிஃபென்ஸ் கால் (கத்திச் சொல்ற குறிப்பு), அதே செட் (திட்டம் போட்ட ஆட்டம்) பேரு எல்லாம் ஒரு லிஸ்ட், அது மாறவே கூடாது, இல்லன்னா திரும்பி வந்ததும் திருதிருன்னு முழிப்பான். ரெண்டாவது லிஸ்ட்ல மேல செய்ய விடாத ஒரு விஷயம் இருக்கணும், பந்தை எடுத்துட்டுப் போய் தானே முடிக்கிறதோ, பிக் அண்ட் ரோல்ல (ஒருத்தன் ஸ்க்ரீன் வச்சுட்டு உள்ள ஓடற ஆட்டம்) பாஸ் போடறதோ, ஏதோ ஒண்ணு, அதுல எத்தனை தடவை பந்து எதிராளி கைக்குப் போனாலும் வாயத் தொறக்கக் கூடாது. ஜோர்டன் பூல் இதுக்கு நல்ல உதாரணம். 28ஆவது பிக், முதல் சீசன் மோசமா ஆடினாரு, 2021-ல ஒர்லாண்டோல எல்லா டீமையும் ஒரே எடத்துல வச்சு நடத்தின ஜி லீக் பபிள்ல 11 ஆட்டம் ஆடிட்டு வந்தாரு, வந்தது வேற ஆளு. அடுத்த வருஷம் வாரியர்ஸ் கப் அடிச்சப்ப அதுல முக்கியமான ஆள்.

நான் மிசிசாகா பக்கம் குடி வந்த புதுசுல ஒரு 905 ஆட்டத்துக்குப் போயிருந்தேன். சின்ன அரங்கம், அஞ்சாயிரம் சொச்சம் சீட்டு, அன்னிக்கு பாதி காலி, ஷூ கிறீச் கிறீச்னு கேக்கும், கோச் கத்துறது அப்படியே காதுல விழும். மேலேருந்து அனுப்பின ஒரு பையன் ஆடினான். ஆட்டம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம் அவனும் ஒரு உதவி கோச்சும் மட்டும் இடது பக்க கார்னருக்கு வந்தாங்க. கோச் பந்தை வேணும்னே மோசமா போடுறாரு, ஒண்ணு முட்டி உயரம், ஒண்ணு தலைக்கு மேல, ஒண்ணு பின்னாடி தள்ளி. பையன் பந்து வர்றதுக்கு முன்னாடியே முட்டியை மடக்கி ரெடியா நிக்கணும், எங்க பிடிச்சாலும் நெஞ்சுக்கு நேரா கொண்டு வந்து எறியணும், குதிகால் கோட்டை மிதிச்சா அந்த ஷாட் கணக்குல சேராது. கார்னர்ல த்ரீ பாயிண்ட் கோட்டுக்கும் வெளிக்கோட்டுக்கும் நடுவுல மூணடிதான் இருக்கும், இவன் ஷூவோ ஒரு படகு. இருபது நிமிஷம் அதே எடம். ஒரு தடவை கூட டிரிபிள் பண்ணல. அவனுக்கு மேல காத்திருக்கிற வேலை அதுதான், பெரிய ஆளு உள்ள புகுந்து அவசரத்துல தூக்கிப் போடற கோணல் பாஸைப் பிடிச்சு எறியிறது. நான் வாங்கின ஃப்ரைஸ் ஆறிப் போச்சு.

5. கதவைத் தொறக்கிறது ஜிஎம் வேலை

பையன் ரெடியாயிட்டான்னு வைங்க, எடம் எங்க? இங்கதான் பாதி டீம் கோட்டை விடும். 2017 கோடையில ராப்டர்ஸ் என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. டிமார் கேரலை ப்ரூக்ளினுக்கு அனுப்பினாங்க, கூடவே டிராஃப்ட் பிக்கும் சேர்த்துக் குடுத்து. கோரி ஜோசப்பை இண்டியானாவுக்கு. பேட்டர்சன், பிஜே டக்கர் ரெண்டு பேரும் கான்ட்ராக்ட் முடிஞ்சு வேற டீமுக்குப் போனாங்க. பசங்க மேல உள்ள பாசத்துல மட்டும் இதைச் செஞ்சாங்கன்னு நினைக்காதீங்க, சம்பளச் சுமையும், அது அளவு தாண்டினா லீக் போடற வரியும் கழுத்தைப் பிடிச்சுது. ஆனா விளைவு என்னன்னா ஒரே கோடையில ரொட்டேஷன்ல (வழக்கமா மாத்தி மாத்தி இறக்குற ஆளுங்க) நாலு எடம் காலி, நாலுக்கும் கீழ பழகின பசங்க ரெடி.

அடுத்த சீசன் அவங்க பெஞ்சுக்கே தனி பேரு வந்துச்சு, பெஞ்ச் மாப்னு. வான்வ்லீட், டெலான் ரைட், சியாகம், யாக்கோப் போல்டில், கூட அனுபவஸ்தன் ஒருத்தர் சிஜே மைல்ஸ். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு பையனை ஸ்டார்களுக்கு நடுவுல சொருகினா அவன் பந்தையே பாக்க மாட்டான், கார்னர்ல நின்னு கை தட்டுவான். நாலு பசங்களைச் சேர்த்து இறக்கினா அவங்களுக்குன்னு ஒரு ஆட்டம் வந்துடும், தப்பு பண்ணினாலும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து சிரிச்சுக்குவாங்க. அந்த வருஷம் ராப்டர்ஸ் 59 ஜெயிச்சு கிழக்குல முதல் எடம், பசங்களை வளர்த்தா தோப்போம்ங்கிற பேச்சு அங்க எடுபடல.

இன்னும் ஒரு வழி இருக்கு, எடத்தையே நகத்துறது. இபாகாவை டீம் விடல, அந்தக் கோடையிலயே புதுசா மூணு வருஷத்துக்கு போட்டாங்க, அவரு இருக்கிற வரைக்கும் பவர் ஃபார்வர்டு எடம் அடைச்சுதான் இருக்கும். 2018-ல கோச்சா வந்த நிக் நர்ஸ் இபாகாவை சென்டருக்குத் தள்ளி ஜோனாஸ் வாலன்சியூனஸோட மாத்தி மாத்தி ஆட வச்சாரு, சியாகமை ஸ்டார்ட் பண்ண வச்சாரு. யாரையும் விக்கல, ஆனா எடம் வந்துடுச்சு.

6. ஒரு கோடைக்கு ஒரு புது வித்தை

சியாகமோட த்ரீ பாயிண்டை வரிசையா பாருங்க. முதல் சீசன் மொத்தமே ஏழு. ரெண்டாவது சீசன்ல நூறுக்கு மேல எறிஞ்சாரு, விழுந்தது நூத்துக்கு 22 கணக்குதான். கேவலமான நம்பர், வேற டீமா இருந்தா "டேய் எறியாத"ன்னு நிறுத்தியிருப்பாங்க. இங்க நிறுத்தல. மூணாவது சீசன்ல 37-ஐ ஒட்டி வந்துடுச்சு. பாயிண்ட் சராசரி 7-லேர்ந்து 17-ஐ ஒட்டி ஏறிச்சு, அந்த வருஷம் மோஸ்ட் இம்ப்ரூவ்டு பிளேயர் விருதும் அவருக்குத்தான்.

இதுல பிடிச்சுக்க வேண்டியது அந்த நடு வருஷம். ஜெயிக்கிற டீம்ல ஒரு பையன் மோசமா எறியிறதை ஒரு சீசன் பூரா பொறுத்துக்கணும்னா அவனோட முதல் வேலை, ஓடுறது, டிஃபென்ஸ், ரீபவுண்டு, பக்காவா இருக்கணும், அதுதான் அவனை களத்துல வச்சிருக்கும். அதனாலதான் மூணாவது ஸ்டெப்புல அவ்ளோ கத்தினேன். ஒரே கோடையில ஷூட்டிங், டிரிப்ளிங், உடம்பு ஏத்துறது, பாஸிங்னு எல்லாத்தையும் திணிச்சா எதுவும் ஒட்டாது.

7. வாயைத் தொறந்து பேசுங்க

சின்ன ஸ்டெப், ஆனா விட்டா மொத்தமும் பாழ். பையன் ஆட்டத்துக்கு வந்துதான் தனக்கு இன்னிக்கு நிமிஷம் இல்லன்னு தெரிஞ்சுக்கக் கூடாது. வாரியர்ஸ்ல ஜொனத்தன் குமிங்கா, 2021-ல ஏழாவது பிக், ஒரு வாரம் ஸ்டார்ட்டர், ஒரு வாரம் ஆளையே காணோம். 2025 ப்ளேஆஃப்ல கூட அப்படித்தான், வெளிய உக்கார வச்சாங்க, கரிக்கு தொடையில பிடிச்சுக்கிட்டதும் உள்ள விட்டாங்க, மின்னசோட்டாவோட மூணாவது ஆட்டத்துல 30 அடிச்சாரு. கோச் ஸ்டீவ் கெர் பக்கமும் நியாயம் இருக்கு, கப் அடிக்கிற அவசரத்துல இருக்கிற டீம் அது. ஆனா அந்தப் பையனோட வேலை என்னன்னு நாலு வருஷமா பாத்த எனக்கே இன்னும் சரியா சொல்ல வராது.

மாசத்துக்கு ஒருதடவை உக்கார வச்சு மூணு விஷயம் சொல்லுங்க: இப்ப எங்க நிக்கிற, அடுத்த அஞ்சு நிமிஷம் கிடைக்க எது குறையுது, அதை எப்ப பாப்போம். சொல்றது கோச்சா இருக்கணும், உதவி கோச்சோட உதவியாளரா இருக்கக் கூடாது.

8. விக்க வேண்டிய நேரத்துல வித்துடுங்க

கசப்பான ஸ்டெப். எல்லா பசங்களையும் வச்சுக்க முடியாது. 2018-ல கவாய் லெனார்டை வாங்க டிமார் டிரோசனோட போல்டிலையும் குடுத்தாங்க, 2019 பிப்ரவரியில மார்க் கசோலுக்காக வாலன்சியூனஸ், மைல்ஸோட ரைட்டையும் குடுத்தாங்க. பெஞ்ச் மாப்ல பாதி போச்சு. ஆனா வளர்த்ததாலதான் அவங்களுக்கு அந்த விலை, பெஞ்சுல ஊறப்போட்டு வச்சிருந்தா யாரு கேட்டிருப்பா? முடிவெடுக்கும்போது மூணு பேரை ஒரே தராசுல வைக்காதீங்க, யாருக்கு இன்னும் ஒரு வித்தை கூடும்னு பாருங்க. சியாகமை வச்சுக்கிட்டாங்க.

இன்னொரு விஷயம், கீழயே நின்னுபோற பசங்களும் உண்டு. நம்ம பஞ்சாப் பையன் சத்நாம் சிங், என்பிஏ டிராஃப்ட்ல தேர்வான முதல் இந்தியர், 2015-ல டல்லஸ் 52ஆவது பிக்குல எடுத்தாங்க, ஏழடிக்கு மேல உயரம். டெக்சாஸ் லெஜண்ட்ஸ்ல ஆடினாரு, மேல ஒரு ஆட்டம் கூட கிடைக்கல. அவரு எடுக்கப்பட்ட அன்னிக்கு ராத்திரி முழிச்சிருந்து பாத்தவன் நான், அதனால இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்குது. 52ஆவது பிக்குக்கு கேரண்டி வருஷம் எதுவும் வகுத்து வைக்கல, கடிகாரம் அவருக்கு வேகமா ஓடிச்சு.

அதனால உங்க பையன் எந்த பிக்கோ, அதுக்கேத்த கடிகாரத்தை முதல் நாளே பாத்து வச்சுக்குங்க. ராப்டர்ஸ் பாத்து வச்சிருந்தாங்க. 2019 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்துல சியாகம் 17 எறிஞ்சு 14 போட்டாரு, 32 பாயிண்ட், எதிர்ல நின்னது டிரேமண்ட் கிரீன். நாலு மாசம் கழிச்சு, எக்ஸ்டென்ஷன் ஜன்னல் மூடறதுக்கு முன்னாடியே, அக்டோபர்ல நாலு வருஷத்துக்கு 13 கோடி டாலர் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க.